இன்ஜினை இறக்காமல் ராடு பேரிங் மாற்றுவது: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனைக்கும் கிராங்க் ஷாஃப்டுக்கும் நடுவில் இரண்டு பாதியாக உட்கார்ந்திருக்கும் மெல்லிய ஷெல்தான் ராடு பேரிங். அது போனால் இன்ஜினை இறக்கியே ஆக வேண்டும் என்று சொல்வது பாதிதான் சரி. ஆயில் சம்பை (இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி) கழற்ற இடம் கிடைத்தால், காருக்கு அடியில் படுத்தபடியே ராடு கேப்பை (ராடின் பெரிய முனையின் கழலும் பாதி) கழற்றி, பழைய ஷெல்லை உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். பிஎம்டபிள்யூ எம்3 கார்களில் வந்த எஸ்54, எஸ்65 இன்ஜின்களுக்கு, சத்தம் வரும்வரை காத்திருக்காமல், இப்படித்தான் பலரும் முன்கூட்டியே மாற்றிவிடுகிறார்கள்.

ஆனால் இந்த வழியில் மாற்ற முடிவது ஷெல் மட்டும்தான். கிராங்க் ஜர்னல் (கிராங்கில் பேரிங் சுற்றி உட்காரும் வழுவழுப்பான பகுதி) கீறியிருந்தாலோ, ராடின் வாய் (ஷெல் உட்காரும் துளை) வட்டம் கெட்டிருந்தாலோ, கீழே படுத்துக்கொண்டு அதைச் சரிசெய்ய வழியே கிடையாது. ஆகவே கீழே வரும் எல்லாச் சோதனையும் ஒரே கேள்விக்குத்தான்: சேதம் ஷெல்லோடு நின்றதா, கிராங்க் வரை போய்விட்டதா?

அறிகுறி: கீழிருந்து டொக் டொக் என்று சத்தம்

முதலில் வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். ராடு தட்டும் ஒவ்வொரு தட்டும் ஷெல்லை இன்னும் நசுக்குகிறது, போல்ட்டை இன்னும் இழுக்கிறது. போல்ட் அறுந்தால் ராடு பிளாக்கைப் பிளந்துகொண்டு வெளியே வரும். "வீடு வரைக்கும் மெதுவாக ஓட்டிவிடலாம்" என்ற நினைப்பில் ஷெல்லோடு முடிந்திருக்க வேண்டிய வேலை கிராங்க் வேலையாகிவிடும். கயிறு கட்டியோ டோ வண்டியிலோ கொண்டுபோவதே மலிவு.

சத்தத்தைச் சோதிக்க இன்ஜினைச் சில நொடிகள் மட்டும் ஓடவிட்டால் போதும். ராடு பேரிங் சத்தம் கனமானது, உலோகத்தை உலோகம் அடிப்பது. ஐடிலில் அடங்கியிருந்து, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து 2000, 2500 சுற்றுக்குக் கொண்டுபோய்ப் பட்டென்று விடும்போது, இறங்குகிற வேகத்தில் வரிசையாகத் தட்டும். இன்ஜின் சூடாகி எண்ணெய் நீர்த்ததும் கூடும்.

மற்ற சத்தங்களோடு இதைக் குழப்பிக்கொள்வது சுலபம். குளிரில் தட்டிவிட்டுச் சூடானதும் அடங்கினால் அது பெரும்பாலும் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் அடிப்பது. மேலே வால்வு கவர் பக்கம் டிக் டிக் என்று மெல்லிய தாளத்தில் வந்தால் டாப்பெட்டையோ ஹைட்ராலிக் லிஃப்டரையோ பாருங்கள். கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும் என்பதால் அந்தத் தாளமும் மெதுவாகவே இருக்கும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் கிராங்கையும் டார்க் கன்வர்ட்டரையும் இணைக்கும் தகடான ஃபிளெக்ஸ் பிளேட் விரிசல் விட்டால் அச்சு அசலாக ராடு சத்தம் போலவே தட்டும். சம்பைக் கழற்றும் முன், பெல் ஹவுசிங்கின் (இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் கூடு) சிறு மூடியைத் திறந்து அதன் போல்ட்டுகளையும் பார்த்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கேஸ்கட் ஊதினாலும் இதே சந்தேகம் வரும், அது குளிர்ந்த இன்ஜினில்தான் பெரிதாகக் கேட்கும்.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க: பெட்ரோல் இன்ஜினில் இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். எரிப்பு இல்லாவிட்டால் பிஸ்டன் ராடை அழுத்தி அறைவதில்லை. அதனால் குற்றவாளி சிலிண்டரை நிறுத்தியதும் சத்தம் சட்டென்று குறையும், அல்லது குரலே மாறும். காயிலைக் கழற்றுவதைவிட இன்ஜெக்டரைக் கழற்றுவது நல்லது, எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவாது, கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் கெடுக்காது. காமன் ரெயில் டீசலில் எதையும் கழற்றிப் பார்க்கக் கூடாது; ரெயிலில் அழுத்தம் 1000 பாரையும் தாண்டக்கூடும், குழாயைத் தளர்த்தினால் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். அங்கே ஸ்கேனரில் சிலிண்டர் கட் சோதனை செய்யுங்கள்.

எந்த சிலிண்டரை நிறுத்தினாலும் சத்தம் மாறவில்லை, பாரம் ஏற்றினால் அடியிலிருந்து தம் தம் என்று அதிர்கிறது என்றால் மெயின் பேரிங்கை (கிராங்கைப் பிளாக்கில் தாங்கும் பேரிங்) சந்தேகிக்க வேண்டும். அது வேறு வேலை.

அறிகுறி: சத்தமே இல்லை, சூடான ஐடிலில் ஆயில் லைட் மினுக்குகிறது

டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், அளவு சரியா? சரி என்றால் லைட்டை நம்பாதீர்கள். ஆயில் அழுத்தத்தை உணரும் பெரும்பாலான சென்டர்கள் (சென்சார்கள்) 0.3 முதல் 0.5 பாருக்குள் வந்தால்தான் விளக்கையே எரிய வைக்கும். சென்டரே பழுதாகவும் இருக்கலாம். அதைக் கழற்றிவிட்டு அதே துளையில் மெக்கானிக்கல் கேஜைப் பொருத்தி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு அளந்து பாருங்கள். 1000 சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ என்பது மெக்கானிக்குகள் கையில் வைத்திருக்கும் பழைய கணக்கு. உங்கள் இன்ஜினின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும் எண்ணே இறுதி.

அழுத்தம் உண்மையிலேயே குறைவு என்றாலும் உடனே பேரிங் மேல் பழி போடாதீர்கள். சம்பிலிருந்து எண்ணெயைப் பம்புக்கு உறிஞ்சும் பிக்கப் குழாயின் ஓ-ரிங் காய்ந்து காற்றை உறிஞ்சலாம், வலை அடைத்திருக்கலாம், பம்பின் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம், பெட்ரோல் கலந்து எண்ணெயே நீர்த்திருக்கலாம். முதல் இரண்டும் சம்பைக் கழற்றினால் தெரிந்துவிடும். எப்படியும் சம்ப் கீழே வரப்போகிறது.

கெட்டியான எண்ணெய் ஊற்றினால் லைட் அணையும், சத்தமும் கொஞ்சம் அமுங்கும். வண்டியை விற்கப் போகிறவர்களுக்கு மிகவும் பிடித்த வைத்தியம் இது. வாங்குகிறவர்கள் சூடான இன்ஜினில்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

அறிகுறி: வடித்த எண்ணெயில் மினுமினுப்பு

ஃபில்டரைக் கட்டரால் அறுத்து, மடிப்புக் காகிதத்தை விரித்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். ரம்பத்தால் அறுத்தால் ரம்பத்தின் தூளே உள்ளே விழுந்து குழப்பும். காந்தத்தை ஓட்டுங்கள். ஒட்டினால் இரும்பு: செயின், பம்ப், கேம் போன்றவை. ஒட்டாமல் வெள்ளியாக மின்னும் மெல்லிய செதில் என்றால் பேரிங்கின் மேல்பூச்சு, அல்லது அலுமினியம். செம்பு நிறம் தெரிந்தால் மூன்று அடுக்கு ஷெல்லில் மேல் அடுக்கு தேய்ந்து நடு அடுக்கு வெளியே வந்துவிட்டது என்று பொருள். இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை, திறக்க வேண்டும்.

உலோகத்தூள் எவ்வளவு பொல்லாதது என்பதற்கு ஒன்று சொல்லலாம். 2015-இல் ஹூண்டாய் அமெரிக்காவில் 2011, 2012 மாடல் சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தது. கிராங்க் ஷாஃப்டைக் கடைந்தபோது முழுதாக நீங்காமல் தங்கிய தூள்தான் காரணம். அது எண்ணெய் ஓட்டத்தைத் தடுத்து ராடு பேரிங்குகளைத் தின்றது. தொழிற்சாலையில் கழுவியும் தங்கிவிட்ட தூள் அது. உங்கள் சம்பில் கைப்பிடி அளவு தூள் கிடந்தால், கிராங்குக்குள்ளிருக்கும் எண்ணெய்த் துளைகளிலும் அது தங்கியிருக்கும். இன்ஜினை இறக்காமல் அந்தத் துளைகளை ஒழுங்காகக் கழுவ முடியாது. கீழிருந்து காற்றடித்தால் தூள் மெயின் பேரிங்குக்குள்தான் போய்ச் சேரும். அப்படிப்பட்ட இன்ஜினை இறக்கிவிடுவதே மேல் என்பது என் கருத்து.

சம்பைக் கழற்றுவது

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். வண்டி ஜாக்கியில் அல்ல, ஸ்டாண்டில் நிற்க வேண்டும். சக்கரங்களுக்கு முட்டு கொடுங்கள். முன்சக்கர இழுவை வண்டிகளில் பலதில் சப்ஃபிரேமை இறக்கினால்தான் சம்ப் வெளியே வரும். அப்போது இன்ஜினை மேலிருந்து சப்போர்ட் பாரில் தொங்கவிட வேண்டும். சம்புக்கு அடியில் ஜாக்கி கொடுத்துவிட்டு சம்பையே கழற்றப் பார்ப்பவர்களும் உண்டு.

பிளக்குகளை எல்லாம் கழற்றிவிடுங்கள், கிராங்கைக் கையால் சுற்றச் சுலபமாக இருக்கும். சுற்றுவது முன்புறப் புல்லி போல்ட்டில், இன்ஜின் வழக்கமாகச் சுற்றும் திசையில் மட்டும். எதிர்த் திசையில் சுற்றினால் டைமிங் செயின் தாண்டிவிடும் ஆபத்து சில இன்ஜின்களில் உண்டு.

கேப்பைக் கழற்றியதும்

கழற்றும் முன் எந்தக் கேப் எந்த சிலிண்டருக்கு, எந்தப் பக்கம் முன்னால் என்று குறித்துக்கொள்ளுங்கள். ராடிலும் கேப்பிலும் எண் வெட்டியிருக்கும், இல்லையென்றால் பெயின்ட் பேனாவால் எழுதுங்கள். ஒரு ராடின் கேப் இன்னொரு ராடுக்குச் சேராது. இப்போதைய ராடுகள் பலவற்றில் கேப்பை அறுத்துப் பிரிக்காமல் உடைத்தே பிரித்திருப்பார்கள். அந்தச் சொரசொரப்பான முகம் தன் ஜோடியோடு மட்டும்தான் பொருந்தும். அதைத் தரையில் கவிழ்த்து வைத்தாலே கெட்டுவிடும்.

நான்கு சிலிண்டர் வரிசை இன்ஜினில் 1, 4 ஒன்றாகவும் 2, 3 ஒன்றாகவும் கீழே வரும். வேலை செய்யப்போகும் சிலிண்டரைக் கீழ் முனைக்குக் கொண்டுவந்து கேப் போல்ட்டுகளைச் சிறிது சிறிதாக மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். கேப்பை ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினால் வந்துவிடும். ராடில் ஸ்டட் நீட்டிக்கொண்டிருக்கும் வகை என்றால் அவற்றுக்கு ரப்பர் ஹோஸ் துண்டைச் செருகிவிடுங்கள். ஸ்டட்டின் மரை ஜர்னலில் ஒரு முறை உரசினால் போதும், கோடு விழுந்துவிடும்.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கேப்பில் இருக்கும் கீழ் ஷெல் பளபளவென்று இருக்கும், "பேரிங் நன்றாகத்தானே இருக்கிறது" என்று மூடிவிடுவார்கள். எரிப்பின் அடி விழுவது மேல் ஷெல்லில். அதை வெளியே எடுத்துப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. கேப் போன பிறகு ராடை விரலால் கொஞ்சம் மேலே தள்ளுங்கள், ஷெல்லை உருவ இடம் கிடைக்கும் அளவுக்கு மட்டும். அதிகம் தள்ளினால் பிஸ்டன் மேலேறி வால்வைத் தொடலாம். ஷெல்லின் பூட்டு நாக்கு எந்தப் பக்கம் என்று பார்த்து, எதிர் முனையில் மரக்குச்சியாலோ பிளாஸ்டிக்காலோ அழுத்தினால் நாக்குப் பக்கமாக நழுவி வெளியே வரும். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம்.

இரண்டு பாதியையும் துடைத்து விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள்:

சாம்பல் நிறத்தில் மங்கலாக, நடுவில் சீராகத் தேய்ந்திருந்தால் வயதின் தேய்மானம். ஷெல் மாற்ற இதைவிட நல்ல நேரம் இல்லை.

சுற்றுவாக்கில் கோடு கோடாக, நடுநடுவே புள்ளியாகத் துகள் பதிந்திருந்தால் அழுக்கு எண்ணெய். எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்.

ஒரு ஓரம் மட்டும் பளபளத்து மறு ஓரம் தொடாமலே இருந்தால் ராடு வளைந்திருக்கிறது அல்லது ஜர்னல் ஒரு பக்கம் கூம்பியிருக்கிறது. புது ஷெல் போட்டாலும் இதே கதி.

பூச்சு உருகி வழித்தது போல, கருத்து அல்லது நீலம் பாய்ந்திருந்தால் எண்ணெய் வராமல் ஓடியிருக்கிறது. ராடு பேரிங்குக்கு எண்ணெய் நேராக வருவதில்லை, மெயின் பேரிங் வழியாகக் கிராங்குக்குள் துளைத்த பாதையில் வருகிறது. ஆகவே பக்கத்து மெயின் கேப் ஒன்றையும் முடிந்தால் கழற்றிப் பாருங்கள். மெயின் தளர்ந்திருந்தால் எண்ணெய் அங்கேயே சிந்திவிடும்.

பூட்டு நாக்கு சிதைந்து, ஷெல்லின் முதுகு உரசிப் பளபளத்திருந்தால் ஷெல் ராடுக்குள் சுற்றியிருக்கிறது. ராடின் வாயும் போயிருக்கும். மூடிவிட்டு இன்ஜினை இறக்க ஏற்பாடு செய்யுங்கள்.

எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கட்டையோ ஆயில் கூலரையோ சரிசெய்யும்வரை புது பேரிங்கைத் தொடவே வேண்டாம்.

ஜர்னல்: முடிவு இங்கேதான்

கிராங்க் ஜர்னலைத் துடைத்துவிட்டு, நகத்தைக் குறுக்காக ஓட்டுங்கள். நகம் எங்கும் சிக்கவில்லை, நிறம் மாறவில்லை என்றால் மேலே போகலாம். நகம் சிக்கினால் எமரியால் தேய்த்து அதைப் போக்க முடியாது. கையால் தேய்த்துத் தேய்த்து வட்டத்தைக் கெடுப்பதுதான் மிச்சமாகும். பிறகு கிராங்கை இறக்கி, கடைந்து, 0.25 அல்லது 0.50 மி.மீ. அண்டர்சைஸ் ஷெல் (கடைந்து மெலிந்த ஜர்னலுக்கான தடித்த ஷெல்) போட வேண்டியதுதான். ஜர்னலைக் கடையாமல் அண்டர்சைஸ் ஷெல் வாங்கிப் போட்டால் கிராங்க் சுற்றவே சுற்றாது. ஷெல்லுக்கு அடியில் ஃபாயில் வைப்பது, கேப் முகத்தை ராவி இறுக்குவது எல்லாம் சில நூறு கிலோமீட்டர் வைத்தியம்.

ஷெல்லின் பூச்சு மட்டும் ஜர்னலில் ஒட்டியிருக்கலாம். அப்போது எண்ணெய்த் துளையை அடைத்துக்கொண்டு, 1000 எண் எமரிப் பட்டையை எண்ணெயில் நனைத்து, செருப்புத் துடைப்பது போல இரண்டு கையாலும் இழுத்து மினுக்கினால் போய்விடும். அப்புறம் அடைப்பை எடுத்து, மிச்சமில்லாமல் துடையுங்கள்.

மைக்ரோமீட்டர் நுழைய இடம் இருந்தால் குறைந்தது இரண்டு திசையில், இரண்டு இடத்தில் அளந்து பாருங்கள். வட்டக்கேடும் கூம்பலும் 0.01 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது பல மேனுவல்களில் வரும் அளவு, சில இன்ஜின்கள் அதற்கும் பாதிதான் அனுமதிக்கும்.

கிளியரன்ஸ் பார்ப்பது

ஷெல் வாங்கும்போதே கவனம் வேண்டும். ஹோண்டா போன்ற தயாரிப்பாளர்கள் கிராங்கிலும் ராடிலும் எழுத்தோ எண்ணோ வெட்டி, அதற்கேற்ற நிறப் புள்ளியுள்ள ஷெல்லைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். "இந்த மாடலுக்கு ஒரு செட் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டால் போதாது.

புது ஷெல்லைச் செருகும்போது அதன் முதுகும் ராடின் வாயும் சுத்தமாக, எண்ணெய் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். பச்சை நிறப் பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தை வைத்து இடைவெளியைக் காட்டும் மெழுகு போன்ற இழை) இழையில் ஜர்னல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, எண்ணெய்த் துளையைத் தவிர்த்துக் கீழ்ப்பக்கமாக வைத்து, கேப்பைப் பழைய போல்ட்டுகளாலேயே முழு டார்க்கில் இறுக்குங்கள். இப்போது கிராங்கை ஒரு முடி அளவும் அசைக்கக் கூடாது. கழற்றி, நசுங்கிய அகலத்தை உறையிலுள்ள அளவோடு ஒப்பிடுங்கள். பச்சை இழை 0.025 முதல் 0.076 மி.மீ. வரை காட்டும். 50 மி.மீ. ஜர்னலுக்கு 0.05 மி.மீ. என்பது பொதுக் கணக்கு. பல கார்களில் 0.02 முதல் 0.06-க்குள் அனுமதி இருக்கும். ஒரு முனையில் அகலமாகவும் மறு முனையில் ஒல்லியாகவும் நசுங்கியிருந்தால் ஜர்னல் கூம்பியிருக்கிறது.

பூட்டுவது

இழையைச் சுரண்டாமல் எண்ணெய்த் துணியால் துடைத்தெடுங்கள். மேல் ஷெல்லில் துளை இருந்தால் அது ராடின் துளைக்கு நேராக நிற்க வேண்டும். உள்பக்கம் அசெம்பிளி லூப் தாராளமாகத் தடவுங்கள். வி வகை இன்ஜினில் ஒரே ஜர்னலில் இரண்டு ராடு இருக்கும். ராடில் அகலமாகச் சாய்த்து வெட்டிய பக்கம், ஜர்னல் ஓரத்தில் கிராங்க் வளையும் இடத்தை நோக்கியிருக்க வேண்டும், மாறினால் ஷெல் ஓரம் கடிபடும்.

போல்ட் விஷயத்தில் சிக்கனம் கூடாது. டார்க் கொடுத்து அதற்குமேல் இத்தனை டிகிரி என்று மேனுவல் சொன்னால் அது பெரும்பாலும் இழுபடும் போல்ட், ஒரு முறைக்குத்தான். புதியதைப் போட்டு, சொன்ன கோணத்தை மட்டும் திருப்புங்கள்.

ஒவ்வொரு ராடையும் இறுக்கியதும் கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எந்த ராடை இறுக்கியதும் பிடித்ததோ அதில்தான் தவறு. எல்லாவற்றையும் பூட்டிவிட்டுச் சுற்றினால் எது என்று மறுபடி தேட வேண்டியிருக்கும்.

பிக்கப் வலையைக் கழுவி, புது ஓ-ரிங் போடுங்கள். சம்புக்கு சீலன்ட் என்றால் மெல்லிய கோடு போதும். உள்ளே பிதுங்கி உதிரும் சீலன்ட் நேராகப் போய் வலையைத்தான் அடைக்கும். தூள் பார்த்த இன்ஜின் என்றால் ஆயில் கூலரை மாற்றுங்கள், அதைக் கழுவிச் சுத்தம் செய்வது நடக்காத காரியம்.

முதல் ஸ்டார்ட்

ஃபில்டரில் எண்ணெய் நிரப்பிப் பூட்டுங்கள். ஃப்யூல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, பிளக் இல்லாமலேயே 10 நொடி, இடைவெளி, மறுபடி 10 நொடி என்று கேஜில் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். முள் ஏறிய பிறகுதான் பிளக், ஃப்யூஸ். ஓடத் தொடங்கியதும் ஐடிலில் விட்டுக் கேஜையும் காதையும் வைத்துக் கவனியுங்கள். சில நூறு கிலோமீட்டரில் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, அந்த ஃபில்டரையும் அறுத்துப் பாருங்கள்.

மாற்றிய பிறகும் பிரச்சினை என்றால்

அதே சத்தம் அப்படியே இருக்கிறது: பேரிங் குற்றவாளியே இல்லை. ஃபிளெக்ஸ் பிளேட், பிஸ்டன் பின், பிஸ்டன் என்று பழைய பட்டியலுக்குத் திரும்புங்கள்.

சத்தம் போய்விட்டது, சூடான ஐடிலில் அழுத்தம் மட்டும் இன்னும் குறைவு: மெயின் பேரிங் அல்லது பம்ப்.

சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே சிலிண்டர் மறுபடி தட்டுகிறது: ராடின் வாய் வட்டத்தில் இல்லை அல்லது ராடு வளைந்திருக்கிறது. மூன்றாவது செட் ஷெல் வாங்காதீர்கள். இன்ஜினை இறக்கி, அந்த ராடையும் கிராங்கையும் லேத்துக்கு அனுப்பி அளக்கச் சொல்லுங்கள்.